புதைக்கப்பட்ட பாலமும் மூடப்பட்ட ரயில் பாதையும்

"தனியார் ரயில் பாதை" என்றதும் எம்மில் பலரது மனக்கண்ணில் தோன்றுவது ஒரு பெருமுதலாளியோ அல்லது ஒரு பன்னாட்டு நிறுவனமோதான். பொதுச் சொத்தை விழுங்குவதற்குக் காத்திருக்கும் எவரோ ஒருவர் என்றே அந்தச் சொல் எம்மிடையே பொருள்பட்டு வந்திருக்கின்றது. ஆனால், டென்மார்க்கின் கிராமப்புறங்களில் ஒரு காலத்தில் ஓடிய தனியார் ரயில்களின் வரலாறு அச்சொல்லுக்கு முற்றிலும் வேறான ஒரு பொருளைத் தருகின்றது. அந்த வரலாற்றை நான் நூலகத்தில் தேடிப் பெறவில்லை. காலால் நடந்தே அறிந்துகொண்டேன்.

1980களில் நாட்டைவிட்டுப் புறப்பட்ட எம்மவர்களில் கணிசமானோர் டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியிலுள்ள சிறு நகரங்களில் குடியமர்ந்தனர். ஹேர்னிங், வைலே, ஹோர்சன்ஸ் என்ற பெயர்களெல்லாம் எமது வீடுகளுக்கு முதலில் வந்து சேர்ந்தது தபாலுறைகளின் பின்புறத்தில்தான். ஹோர்சன்ஸில் வசிக்கும் என் பெறாமகனிடம் சென்றிருந்தபோது, "சித்தப்பா, உங்களுக்கு ஒரு பாலம் காட்டவேண்டும்" என்று ஒரு நாள் காலையில் என்னை அழைத்துச் சென்றான். நகரிலிருந்து சில்கபோர்க் நோக்கிச் செல்லும், ஏறத்தாழ 60 கிலோமீற்றர் நீளமான நடை, சைக்கிள் பாதையின் ஒரு பகுதி அது. பெரிய ஏற்றமும் இல்லை, திடீர் வளைவும் இல்லை. சற்றுத் தூரம் நடந்த பின்னர்தான், மனிதர் நடப்பதற்காக வெட்டப்பட்ட பாதையல்ல இது என்பது எனக்குப் புரிந்தது.

ஹோர்சன்ஸ் நகரம் 1868இல் அரசின் பிரதான ரயில் பாதையில் இணைந்தது. ஆனால், அதன் பின்னிலமான கிராமங்களுக்கு அந்தப் பிரதான பாதையால் நேரடிப் பயன் எதுவும் கிடைக்கவில்லை. டென்மார்க்கின் விவசாயம் தானியத்தைக் கைவிட்டு வெண்ணெய்க்கும் பன்றியிறைச்சிக்கும் மாறிக்கொண்டிருந்த காலம் அது. நாட்டின் முதலாவது கூட்டுறவுப் பாற்பண்ணை ஆலை 1882இல் ஹெடிங் என்ற கிராமத்தில் தொடங்கியது. முதலாவது கூட்டுறவு இறைச்சி ஆலை 1887இல் இதே ஹோர்சன்ஸில் தொடங்கியது. ஆலை நகரத்தில் இருக்க, பன்றிகள் கிராமத்தில் இருந்தன. இடையில் இருந்ததோ சேறும் மேடும் நிறைந்த வண்டிப் பாதை. எனவே, ரயில் என்பது அந்தக் கமக்காரர்களுக்கு உல்லாசம் அல்ல, பிழைப்பு.

1884இல் யூல்ஸ்மினவுக்கும், 1891இல் டொரிங்குக்கும், 1899இல் பிரூரூப்புக்கும், 1904இல் ஓடருக்கும் ஹோர்சன்ஸிலிருந்து நான்கு பாதைகள் விரிந்தன. நான்குமே "தனியார்" பாதைகள். அரசு ரயில்வேயைச் சாராதவை என்பதைத் தவிர அச்சொல்லுக்கு அங்கு வேறு பொருள் இல்லை. அத்தகைய பாதைகளின் பங்குகளை உள்ளூராட்சி சபைகளும் மாவட்ட சபைகளும் அப்பகுதி மக்களும் வாங்கினர். அரசும் கைகொடுத்தது. இலாபப் பங்கு பெரிதாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்து எவரும் பணம் போட்டதாகக் கொள்ள முடியாது. ஊருக்கு ரயில் வந்தால் போதும் என்பதே அவர்கள் எதிர்பார்த்த இலாபம். 1930ஆம் ஆண்டளவில் டென்மார்க்கின் முழு ரயில் வலையமைப்பில் ஏறத்தாழ அரைவாசி இத்தகைய பாதைகளாகவே இருந்தது.

பிரூரூப் பாதை சிக்கனமாகவே கட்டப்பட்டது. அரசுப் பாதையின் தண்டவாள இடைவெளி 1435 மில்லிமீற்றர். இங்கு 1000 மில்லிமீற்றர் மட்டுமே. சிறிய என்ஜின், சிறிய பெட்டி, குறைந்த செலவு. குடெனோ ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கடப்பதற்கு 50 மீற்றர் நீளமும் 14 மீற்றர் உயரமும் கொண்ட ஓர் இரும்புப் பாலம் அமைக்கப்பட்டது. ஆனால், சிக்கனத்துக்கும் ஒரு விலை உண்டு. கிராமத்திலிருந்து வந்த பொருளை அரசுப் பாதையில் அனுப்ப வேண்டுமானால், ஹோர்சன்ஸில் சிறிய பெட்டியிலிருந்து இறக்கிப் பெரிய பெட்டியில் மீண்டும் ஏற்ற வேண்டும். ஒரே சரக்குக்கு இரட்டைக் கூலி.

இந்தக் குறையை நீக்கவே 1929இல் பாதை முழுவதும் அகலமாக்கப்பட்டு, பிரூரூப்பிலிருந்து சில்கபோர்க் வரை நீட்டப்பட்டது. பாரமான ரயில்களைப் பழைய பாலம் தாங்காது. அதைக் கழற்றி எடுப்பதற்குப் பதிலாக, அதன் மேலேயே மண்ணையும் சரளையையும் கொட்டி ஓர் அணைக்கட்டாக உயர்த்திவிட்டனர். பாலம் நின்ற நிலையிலேயே சமாதியானது.

பெரும் பணத்தைச் செலவிட்டு ரயிலை நவீனப்படுத்திய அதே ஆண்டுகளில்தான் பஸ்களும் லொறிகளும் கிராமத்து வீதிகளுக்கு வந்து சேர்ந்தன என்பதே இந்த வரலாற்றின் துயரம். 1940 முதல் 1945 வரை ஜேர்மனியரின் ஆக்கிரமிப்புக் காலத்தில் எரிபொருள் தட்டுப்பாடு மக்களை மீண்டும் ரயிலுக்கு அழைத்து வந்தது. அது தற்காலிக உயிர்ப்பு மாத்திரமே. போருக்குப் பின்னர், ராண்டர்ஸ் நகரின் ஸ்கண்டியா தொழிற்சாலை தயாரித்த, பஸ்ஸைப் போன்ற இலகுவான டீசல் ரயில்களைப் பல தனியார் பாதைகள் வாங்கிச் செலவைக் குறைக்க முயன்றன. ஆயினும் 1950களில் கார் சாதாரண குடும்பத்தின் வாசலுக்கும் வந்துவிட்டது. யூல்ஸ்மின, டொரிங் பாதைகள் 1957இல் மூடப்பட்டன. ஓடர் - ஹோர்சன்ஸ் பாதை 1967இல் மூடப்பட்டது. சில்கபோர்க் பாதையின் கடைசி ரயில் 1968 மார்ச் மாத இறுதியில் ஓடியது. அகலமாக்கப்பட்டு நாற்பது ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை.

மூடியது தவறா? அவ்வாறு அடித்துக் கூற நான் தயாரில்லை. ரயிலை முதலில் கைவிட்டவர்கள் அமைச்சர்கள் அல்லர். அந்தக் கிராமத்து மக்களேதான். பாட்டன் பங்கு வாங்கிக் கட்டிய ரயிலைப் பேரன் தன் காரில் இருந்தபடி வேடிக்கை பார்த்தான். ஆனால், கணக்குப் பார்த்த முறையில் நியாயம் இருக்கவில்லை என்பேன். ரயில் தன் தண்டவாளத்தையும் பாலத்தையும் நிலையத்தையும் தானே பராமரித்து, அந்தச் செலவு முழுவதையும் தன் ஏட்டிலேயே காட்ட வேண்டியிருந்தது. லொறி ஓடிய வீதியின் செலவோ லொறிக்காரரின் ஏட்டில் எழுதப்படவில்லை. ஒருவரது வீட்டு வாடகையைச் சேர்த்தும் மற்றவரது வாடகையைச் சேர்க்காமலும் இருவரில் யார் சிக்கனக்காரர் என்று தீர்ப்புக் கூறுவதைப் போன்றது இது.

இந்த இடத்தில் என் தொழிலின் குற்றத்தையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். இளம் நிருபராக இருந்த காலத்தில், நட்டத்தில் இயங்கிய ஒரு கிராமத்துப் பஸ் சேவையைப் பற்றி நான் எழுதிய செய்தி முதற்பக்கத்தில் வந்தது. நட்டத் தொகையே அதன் தலைப்பு. அந்த பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எத்தனை பேர், பாடசாலைக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று நான் கேட்கவேயில்லை. சில மாதங்களில் சேவை நின்றுபோனது. என் செய்தியால்தான் நின்றது என்று சொல்லுமளவுக்கு எனக்குத் தற்பெருமை இல்லை. ஆனால், அந்தத் தலைப்பு இன்றும் என்னை உறுத்துகின்றது.

ஹோர்சன்ஸ் பாதையின் வரலாறு எனக்கு உணர்த்திய முக்கிய செய்தி வேறொன்று. ஒரு பாதையை மூடுவது ஒரு தீர்மானம். மூடிய பின்னர் அந்த நிலத்தை என்ன செய்வது என்பது இரண்டாவது தீர்மானம். முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் சண்டையிடுகின்றார்கள். மீளத் திருத்த முடியாதது இரண்டாவதே. ரயில் நின்றால் மீண்டும் ஓடவைக்கலாம். ஆனால், அறுபது கிலோமீற்றர் நீளமான அந்தக் குறுகிய நிலத்தைத் துண்டு துண்டாக்கி, தோட்டமாகவும் வளவாகவும் விற்றுவிட்டால், அதை மீண்டும் ஒன்றுசேர்க்க எந்த அரசாலும் இலகுவில் இயலாது.

ஹோர்சன்ஸுக்கும் சில்கபோர்க்குக்கும் இடையில் அந்தத் தடத்தின் பெரும் பகுதி நடைபாதையாகப் பிழைத்தது. பிரூரூப்புக்கும் விராட்ஸுக்கும் இடையிலான சுமார் 5 கிலோமீற்றரில் தொண்டர்கள் பழைய ரயில்களை ஓட்டிப் பாதுகாத்து வருகின்றனர். தடம் பிழைத்ததனால்தான் அணைக்கட்டும் பிழைத்தது. அணைக்கட்டுக்குள் கிடந்த பாலம் மண் அகற்றப்பட்டு 2014இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. "மீளக் கண்டெடுக்கப்பட்ட பாலம்" என்பதே இன்று அதன் பெயர். 85 ஆண்டுகள் புதைந்து கிடந்த அந்த இரும்பின் மேல் நின்று நான் கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தேன்.

அதே வட்டாரத்தில் இன்னொரு சாட்சியும் உண்டு. ஹோர்சன்ஸ் - ஓடர் பாதையை 1967இல் மூடியவர்கள், ஓடரிலிருந்து ஓர்ஹூஸ் நகருக்குச் செல்லும் மறுபாதியை மூடாமல் விட்டுவைத்தனர். 1884இல் திறக்கப்பட்ட அந்தக் கிராமத்துப் பாதையில் 2018 முதல் ஓர்ஹூஸ் நகரின் மின்சார இலகு ரயில்கள் ஓடுகின்றன. நகரம் வளர்ந்து தன்னை நோக்கி வரும் என்று 1967இல் அந்தத் தண்டவாளத்துக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அது செய்ததெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்ததுதான்.

எந்த நாட்டிலாயினும் ஒரு ரயில் பாதையை மூடும் பத்திரத்தில் கையொப்பமிடும் அமைச்சரிடம் நான் கேட்பது ஒன்றே. நட்டக் கணக்கைக் காட்டுங்கள், கேட்டுக்கொள்கிறோம். ரயிலை நிறுத்துங்கள், பொறுத்துக்கொள்கிறோம். ஆனால், நிலத்தை விற்காதீர்கள். அதற்குப் பங்குப் பணம் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் பிறந்து முடியவில்லை.