காக்காப்பொன்னும் கலப்படமும்

தை பிறந்த கையோடு ஸ்ரீரங்கத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி ஆனதும், பரணிலிருந்து இறக்கிய ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் காக்காப்பொன் தகடுகள். அப்பிரகம் என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு தகட்டிலும் ஓர் ஆள் தீட்டப்பட்டிருந்தான். பல்லக்குத் தூக்கி ஒருவன், டவாலிச் சேவகன் ஒருவன், தோல் துருத்தியில் தண்ணீர் சுமப்பவன் ஒருவன். சிவப்பும் பச்சையும் நேற்றுப் பூசியதுபோல் மின்னின. ஆனால் ஒருவனுக்கும் முகம் இல்லை. தலைப்பாகைக்கும் கழுத்துக்கும் நடுவில் தகடு வெறுமையாக, கண்ணாடிபோல் இருந்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. முகத்தைத் தனியாக ஓர் அட்டையில் எழுதியிருப்பார்கள். அதன்மேல் ஒரு தகட்டை வைத்தால் அவன் சிப்பாய். அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் அவனே பண்டாரம். நண்பர் வீட்டில் தகடுகள் தங்கின, அட்டை தொலைந்துவிட்டது. அவருடைய கொள்ளுப் பாட்டனார் திருச்சி கண்டோன்மெண்டில் குமாஸ்தாவாக இருந்தாராம். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவன் கொடுத்துவிட்டுப் போனது இந்தப் பெட்டி.

அப்போது அங்கே இன்னொருவரும் இருந்தார். கலை விஷயங்களில் அபிப்பிராயம் சொல்லக்கூடியவர் என்று பெயர் எடுத்தவர். ஒரு தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது நம்ம கலையே இல்லை, ஸார். வெள்ளைக்காரனுக்குப் பண்ணின பொம்மை. ரெண்டுங்கெட்டான். சிற்றோவியம்னா பாரசீகம்தான்; அது சுத்தம்” என்றார். நண்பர் முகம் சுருங்கியது. “அப்போ பழைய சாமான் கடைக்காரன் கேட்டுண்டிருக்கான், கொடுத்துடலாமா?” என்றார்.

பிறர் வீட்டில் உட்கார்ந்து சண்டை போட எனக்கு மனமில்லை. அங்கே விழுங்கியதை இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பாரசீகச் சுத்தத்தைப் பார்ப்போம். 1258-ல் மங்கோலியர் பாக்தாதைப் பிடித்தார்கள். அண்ணன் குப்ளாய் சீனத்தை ஆள, தம்பி ஹுலாகுவின் வம்சம் பாரசீகத்தை ஆண்டது. வழி திறந்ததும் பட்டும் பீங்கானும் சித்திரமும் மேற்கே வந்தன. தப்ரீஸில் ரஷீதுத்தீன் எழுதிய சரித்திரத்துக்கு 1314 வாக்கில் படம் போட்டவர்கள், சுருள் சுருளான மேகத்தையும் முறுக்கிக்கொண்ட மரத்தையும் அடுக்கு மலையையும் சீனத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். பாரசீக ஓவியம் என்றதும் நம் கண்ணில் நிற்கும் அந்த மேகமே இரவல் மேகம்! இருநூறு வருஷம் கழித்து ஹெராத்தில் பிஹ்ஸாத் அதையெல்லாம் சொந்தமாக்கிக்கொண்டான். பதினேழாம் நூற்றாண்டில் முஹம்மது ஸமான் ஐரோப்பியர் மாதிரி நிழல் விழ எழுதினான். அவனையும் பாரசீகன் என்றுதான் உலகம் சொல்கிறது.

இந்தியாவுக்கு வந்த கதையும் அதுதான். ஹுமாயூன் பாரசீகத்தில் அடைக்கலம் புகுந்தபோது கண்டு அழைத்த மீர் சையத் அலியும் அப்துஸ் ஸமதும் மொகலாய ஓவியத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். அவர்களிடம் தொழில் கற்றவர்களில் தஸ்வந்த், பஸாவன் போன்ற இந்துக்கள் உண்டு. 1580-ல் பதேபூர் சிக்ரிக்கு வந்த ஏசு சபைப் பாதிரிகள் படம் அச்சிட்ட பைபிளை அக்பருக்குக் கொடுத்தார்கள். அரண்மனை ஓவியர்கள் அதைப் பார்த்துப் பழகினார்கள். பாரசீகம், சீனம், ஐரோப்பா, இந்தியா நான்கும் ஒரே தாளில் கலந்தன. அதை ரெண்டுங்கெட்டான் என்று சொல்ல யாருக்காவது துணிச்சல் உண்டா?

அவ்வளவு தூரம் போவானேன்? நாங்கள் பேசிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ரங்கநாதர் கோயிலில் துலுக்க நாச்சியார் சந்நிதி இருக்கிறது. டில்லி சுல்தானின் மகள் அரங்கன்மேல் காதலாகி வந்தாள் என்பது ஐதிகம். அங்கே சிலை இல்லை. சுவரில் எழுதிய சித்திரம்தான். பெருமாளுக்கு இன்றும் ரொட்டி நைவேத்தியம் ஆகிறது. அரங்கன் அந்நியம் என்று தள்ளாததை, அவன் வாசலில் உட்கார்ந்துகொண்டு நாம் தள்ளுகிறோம்!

காக்காப்பொன் படங்கள் எல்லாம் பிரமாதம் என்று நான் சாதிக்கவில்லை. பல படங்கள் ஒரே அச்சு. கைகால் விறைத்து நிற்கும். ஆளைப் பார்க்காமல் அவன் தொழிலையும் ஜாதியையும் மட்டும் பார்த்தவை. குறை உண்டு, ஆனால் அது கலப்பினால் வந்த குறை அல்ல, கிராக்கியினால் வந்தது. அக்பர் வாரந்தோறும் படங்களைப் பார்த்து, திறமைக்குத் தக்கபடி சன்மானம் கொடுத்தான் என்று அபுல் பஸல் எழுதிவைத்திருக்கிறார். பல்லக்குத் தூக்கியின் மகனான தஸ்வந்தின் பெயரைக்கூட விடாமல் எழுதினார். திருச்சி ஓவியனுக்கு வாய்த்தவனோ, அடுத்த மாதம் கப்பலேறப் போகிற துரை. அவனுக்கு ஊரில் காட்ட ஒரு டஜன் படம் வேண்டும். எழுதியவன் பெயர் வேண்டாம். அதே துரைகள் கொண்டுபோன திருச்சிச் சுருட்டுக்குக் கிடைத்த புகழில் பாதிகூட இந்தப் படங்களுக்குக் கிடைக்கவில்லை. சுருட்டின் சாம்பலை ஷெர்லக் ஹோம்ஸே அடையாளம் கண்டுகொண்டார்; ஓவியனை அடையாளம் காண ஆள் இல்லை.

பிறகு காமிரா வந்தது. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி ஸ்ரீரங்கத்தையே போட்டோ பிடித்துக்கொண்டு போனார். துரைகளுக்குத் தகடு அவசியமில்லாமல் போயிற்று. அந்தச் சமயத்தில் நம் வீடுகள் அந்த ஓவியனைக் கூப்பிட்டு, “எங்களுக்கு எழுது, எங்கள் முகத்தை எழுது” என்று கேட்டிருந்தால் தொழில் பிழைத்திருக்கலாம். கேட்கவில்லை. 1894-ல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் லட்சுமியையும் சரஸ்வதியையும் வாங்கி மாட்டினோம். ஐரோப்பிய பாணியில் தீட்டி, ஜெர்மன் யந்திரத்தில் அடித்த படங்கள்! சுத்தம் பேசிய அந்தப் பெரியவரின் பூஜை அறையிலும் அதில் ஒன்று இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஆகவே கலப்படம் என்று சொல்லி யாரும் தப்பித்துக்கொள்ள வேண்டாம். வெள்ளைக்காரன் வாங்கியது குற்றமல்ல. நாம் வாங்காததுதான் குற்றம். இப்போது மிஞ்சியதையும் அதே சாக்குச் சொல்லிப் பழைய சாமானுக்குப் போட்டால், அது இரண்டாவது குற்றம். திருச்சித் தகடுகளை லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஊர்ப் பெயர் எழுதிப் பத்திரமாக வைத்திருக்கிறது. நமக்கும் மலைக்கோட்டை அடியில், ராணி மங்கம்மாள் மகாலில், அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் போய்விடலாம்.

நண்பருக்கு அன்று இரவே டெலிபோனில் இதைச் சொன்னேன். கடைக்காரனுக்குக் கொடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால், தயவுசெய்து ஈரத்துணியால் துடைக்காதீர்கள். வழவழப்பான தகட்டில் வர்ணம் லேசாகத்தான் ஒட்டியிருக்கிறது, உதிர்ந்துவிடும். அப்படியே பெட்டியின் அடியையும் தடவிப் பாருங்கள். முகம் எழுதிய அட்டை அங்கே கிடந்தாலும் கிடக்கும்.