யாருடைய அப்பா?

பிரெஞ்சு கற்க ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து, 1953-ல் தொடங்கிய நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ் வரை போகிறவர் முதலில் தடுமாறுவது 'அவன்', 'அவள்' சமாசாரத்தில்தான். தமிழில் யாருடையது என்று பார்க்கிறோம்: அவன் அப்பா, அவள் அப்பா. பிரெஞ்சில் பொருள் ஆணா, பெண்ணா என்பதுதான் கணக்கு. 'ஸோன் பேர்' என்றால் அவன் அப்பாவாகவும் இருக்கலாம், அவள் அப்பாவாகவும் இருக்கலாம். அம்மா என்றால் 'ஸா மேர்'. ஓரகடத்தில் தயாராகி, 2010 முதல் எண்ணூரில் கப்பலேறும் காரும் அந்த பாஷையில் பெண்பால், அதற்கும் 'ஸா'!

'என்' என்பதற்கு ஆண்பாலில் 'மோன்', பெண்பாலில் 'மா'. ஆனால் சிநேகிதி 'அமி' உயிரெழுத்தில் ஆரம்பிப்பதால் அவளுக்கும் 'மோன்'தான். 'மோனமி' என்றால் சிநேகிதனா, சிநேகிதியா, காதுக்குத் தெரியாது. அப்பா பக்கத்தில் இருக்கும்போது போன் பேச ரொம்ப வசதி.

நம்ம பக்கம் ஒரு வம்பு உண்டு. ஒரே பிள்ளைகூட 'எங்க அம்மா' என்பான். அதை அப்படியே 'நோத்ர் மேர்' என்று சொன்னால், கூடப் பிறந்தவங்க எத்தனை பேர் என்று கேட்பார்கள். 'மா மேர்' போதும். 'நம்ம'வுக்கும் அதே 'நோத்ர்'தான். வெளியூர்க்காரனிடம் 'எங்க ராயபுரம்' என்று மார்தட்டுவதும், அவன் தோளில் கை போட்டு 'நம்ம ராயபுரம்ப்பா' என்பதும் அவர்களுக்கு ஒன்றுதான். பாவம், பிரெஞ்சுக்காரர்கள்.