பொங்கும் மாத்திரைக்குள் இருக்கும் உப்பு

தம்ளர் தண்ணீரில் போட்டதும் நுரைத்துப் பொங்கும் மாத்திரை என்றால் நம் வயதுக்காரர்களுக்குத் தனி மரியாதை. "முழுங்கற மாத்திரையைவிட இது ஸ்ட்ராங் சார்" என்று மருந்துக்கடை வாசலிலும் காலை நடையிலும் அடிக்கடி காதில் விழுகிறது. நுரை வேறு, வீரியம் வேறு என்பது என் கட்சி. பி.பி. உள்ளவர்களுக்கு அந்த நுரையில் ஒரு செலவும் இருக்கிறது.

நான் மருந்துத் துறைக்காரன் இல்லை. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பியூஸ் கேரியர் செய்த பட்டறையில் காலம் தள்ளியவன். ஆனால் பொடியை இரும்பு அச்சில் போட்டு அழுத்தி உருவம் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பும். அதனால் இந்த மாத்திரையை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன்.

எங்கள் களிமண் பொடியில் கொஞ்சம் ஈரம் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அச்சைவிட்டு வரும்போதே உதிர்ந்துவிடும். பொங்கும் மாத்திரைக்கோ ஈரம்தான் எமன். அதில் மருந்தோடு சேர்ந்திருப்பவை முக்கியமாக இரண்டு: சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும். உலர்ந்திருக்கும்வரை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் சாதுவாக இருக்கும். தண்ணீர் பட்டால் வினை தொடங்கி கரியமில வாயு கிளம்பும். அந்த வினையிலேயே மேலும் தண்ணீர் உண்டாகும் என்பதுதான் வம்பு. ஒரு துளி ஈரம் உள்ளே புகுந்தால் போதும், அது தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு டப்பாவுக்குள்ளேயே மாத்திரையைத் தீர்த்துவிடும்.

ஆகவே தயாரிக்கும் அறையில் காற்றின் ஈரப்பதத்தைச் சுமார் 25 சதவீதத்துக்குள் வைக்கிறார்கள். பொடியைத் தண்ணீர் விட்டுப் பிசைவதில்லை. உருளைகளுக்கு இடையில் அழுத்திக் குருணையாக்குகிறார்கள், அல்லது ஆல்கஹால் சேர்க்கிறார்கள். அச்சில் ஒட்டாமலிருக்க மற்ற மாத்திரைகளில் போடும் மெக்னீசியம் ஸ்டியரேட் இங்கே சரிப்படாது. கரையாமல் தண்ணீர்மேல் படலமாக மிதக்கும். அதற்குப் பதில் கரையக்கூடிய சோடியம் பென்சோயேட் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். கடைசியில் அலுமினியத் தாளிலோ, மூடியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்த குழாயிலோ அடைக்கிறார்கள். விலை ஏன் கூடுதல் என்பது இப்போது புரியும்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கிராம் சமையல் சோடாவில் சுமார் 274 மில்லிகிராம் சோடியம் உண்டு. ஒரு பங்கு சிட்ரிக் அமிலத்தை முழுவதும் பொங்கவைக்க, எடையில் 1.3 பங்கு சோடா தேவை. எனவே இந்த மாத்திரையில் சோடியம் இருப்பது யாருடைய கவனக்குறைவும் அல்ல. நுரை வேண்டுமென்றால் பெரும்பாலும் சோடியமும் கூடவே வரும். பொங்கும் வகை 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரைகள் பலவற்றில் ஒன்றுக்குச் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அதாவது ஒரு கிராம் சாப்பாட்டு உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே என்கிறது. சாம்பாரில் உப்பைக் குறைத்துக்கொண்டு, தம்ளரில் நாலு மாத்திரை போட்டுக் குடித்தால் என்ன பிரயோசனம்?

நம் வீட்டு ஈனோ மாத்திரை அல்ல, பொடி. ஆனால் தத்துவம் ஒன்றே. 5 கிராம் பொட்டலத்தில் 2.32 கிராம் 'ஸ்வர்ஜிக்ஷாரம்' என்று சமஸ்கிருதப் பெயரில் போட்டிருப்பது சமையல் சோடாதான். அந்தச் சோடாவில் மட்டும் சுமார் 635 மில்லிகிராம் சோடியம். எப்போதோ ஒருநாள் விருந்துக்குப் பிறகு குடிப்பது வேறு, தினசரி வழக்கமாக்குவது வேறு.

2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவேடுகளை வைத்துச் செய்தது. சோடியம் உள்ள பொங்கும், கரையும் மருந்துகளை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் வாய்ப்பு 16 சதவீதம் கூடுதல் என்றும், ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு ஏழு மடங்கு என்றும் சொன்னது. பதிவேடுகளைப் பார்த்துச் சொன்னதால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அலட்சியம் செய்யவும் முடியாது.

விழுங்க முடியாதவர்களுக்கு இந்த மாத்திரை ஒரு வரம். அதை நான் மறுக்கவில்லை. சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் பைகார்பனேட் போட்டும் செய்யலாம். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது வேறு தொல்லை. ஆகவே இதை ஒழிக்கச் சொல்லவில்லை. எண்ணைச் சொல்லுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்தில் சோடியம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், எவ்வளவு என்று உள்ளே வைக்கும் தாளில் எழுதியே ஆக வேண்டும். நம் ஊரில் சிப்ஸ் பாக்கெட்டில்கூட சோடிய அளவு இருக்கிறது. மருந்து அட்டையிலும் அது இருக்கட்டும்; தமிழில், கண்ணாடி போட்டால் படிக்கக்கூடிய எழுத்தில்.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்று. பி.பி., இதயம், சிறுநீரகம் என்று வைத்தியம் பார்ப்பவர்கள், தினமும் பொங்கும் மாத்திரை எடுப்பதை டாக்டரிடம் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "இதையே சாதாரண மாத்திரையாக எழுதித் தர முடியுமா?" என்றும் கேளுங்கள். கேட்பதற்கு ஃபீஸ் இல்லை.