‘தெரியவில்லை’ என்று சொல்லும் உரிமை: எங்கள் கொள்கைப் பிரகடனம்

நாங்கள் சாஃப்ட்வேர் வேலைக்காரர்கள். கோடு எழுதுபவர்கள், டெஸ்டர்கள், எங்களோடு துணிந்து கையெழுத்துப் போட்ட மூன்று புராஜெக்ட் மேனேஜர்கள். நிர்வாக முறைகளை ஒழிக்க நாங்கள் கூடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால் சோம்பேறிக் கூட்டம் என்று பெயர் வந்துவிடும்.

முறை இல்லாமல் நடக்காத வேலைகள் உண்டு. 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் (PERT) என்ற திட்டமிடும் முறையை உருவாக்கியது. எது முடிந்தால் எது தொடங்கும் என்பதைத் தாளிலேயே பார்க்க முடிந்தது. ஆஸ்பத்திரிக் கருவிக்கு எழுதும் கோடில் யார் எதைச் சோதித்தார் என்ற பதிவு இல்லாமல் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது. இதில் எங்களுக்குள் சண்டையே இல்லை.

சண்டை வேறு இடத்தில்: முறை மிஞ்சி, அதன் நோக்கம் மறையும்போது. 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்பவர் சாஃப்ட்வேர் வேலையைப் படிப்படியாக இறங்கும் கட்டங்களாகக் காட்டும் படத்தைத் தன் கட்டுரையில் வரைந்தார். அப்படியே செய்தால் தோல்வியில் முடியும் என்று கூடவே எச்சரித்தார். எங்கள் தொழில் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டது, எச்சரிக்கையை விட்டுவிட்டது. 2001இல் யூட்டாவின் பனிமலை விடுதியில் 17 பேர் கூடி, செயல்முறையைவிட மனிதர்களே முக்கியம் என்று அஜைல் பிரகடனம் எழுதினார்கள். இன்று அதற்கும் சான்றிதழ் விற்கிறார்கள். வாங்கியவர்கள் எங்களிலும் உண்டு.

எங்களில் சிலர் வேலை பார்த்த ஓர் இடம். காலை 10 மணி ஸ்டாண்ட்-அப். கால் மணி நேரக் கூட்டம், முக்கால் மணி இழுக்கும். கிளையன்ட்டின் டெஸ்ட் சர்வர் 6 நாளாகத் திறக்கவில்லை. நின்றிருந்த 9 பேருக்கும் அது தெரியும். 9 பேரும் வரிசையாக ‘நோ பிளாக்கர்ஸ்’, அதாவது தடை எதுவும் இல்லை, என்றோம். ரிப்போர்ட்டில் சிவப்பு காட்டினால் தினமும் இன்னொரு போன் கால், அதற்கொரு எக்செல். ரிப்போர்ட் பச்சையாகவே போனது. வெட்டிப் பார்த்தால் தர்பூசணி. கோ-லைவுக்கு முந்தைய வாரம் புதிதாக நான்கு பேரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தாமதமான வேலையில் ஆளைச் சேர்த்தால் தாமதம் கூடும் என்று சாஃப்ட்வேர் திட்டங்களைப் பற்றிய தன் புத்தகத்தில் ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதியிருக்கிறார். புதியவர்களுக்குப் பாஸ்வேர்டு வாங்கித் தருவதிலேயே எங்கள் இரண்டு நாள் போயிற்று.

ஆகவே தீர்மானிக்கிறோம். இதுவரை செய்து பார்க்காத வேலைக்கு ஒற்றைத் தேதி தரமாட்டோம். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள் என்போம். எந்தப் படிவமானாலும் யார் படிக்கிறார் என்று கேட்போம். படிப்பவர் இருந்தால் ஒழுங்காக நிரப்புவோம், இல்லையென்றால் தொடமாட்டோம். வரும் திங்கள் ஸ்டாண்ட்-அப்பில் தெரியாததைத் ‘தெரியவில்லை’ என்றே சொல்வோம், மீட்டிங் மினிட்ஸில் அதை அப்படியே ஏற்றச் சொல்வோம்.