டப்பாவுக்குள் தண்ணீர் இல்லை

போன வருடம் ஜூன் மாதம், திண்டிவனத்தில் இருக்கும் என் சித்திக்கு ஒரு டப்பா நார்ச்சத்துப் பொடி ஆன்லைனில் ஆர்டர் செய்து அனுப்பினேன். ஆரஞ்சுச் சுவை. டப்பாவின் மேல் ஒரு பச்சை இலை, 'நூறு சதவீதம் இயற்கை' என்ற வாசகம். போனில், "மூணு வேளையும் ஒரு ஸ்பூன் போடு சித்தி, எல்லாம் சரியாப் போயிடும்" என்றேன். பத்து நாள் கழித்து சித்தி வயிறு உப்பி, வாந்தியெடுத்து, மருத்துவமனையில் படுத்திருந்தாள். எனிமா கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. டூட்டி டாக்டர் பெண்மணி கேட்ட முதல் கேள்வி: "ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்கம்மா?"

சித்தி விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். காலை எட்டேகாலுக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகும். டாக்டருக்கு அவள் சொன்ன பதில் இது: "காலைல ஒரு டீ. மத்தியானம் சோத்தோட அரை டம்ளர். அதுக்கு மேல குடிச்சா ஒண்ணுக்கு வரும். எங்க போறது?" கடையில் கழிப்பறை உண்டு. மேல்மாடியில். போக சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அவர் ஆண். ஒரு நாளில் இரண்டாவது முறை கேட்டால் எல்லார் முன்னாலும் ஒரு கிண்டல் வரும். பஸ் ஸ்டாண்டு கழிப்பறையைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. வாசலில் மூக்கைப் பிடித்தபடி திரும்பிய பெண்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். பயன்படுத்துகிறவர் எந்த நிலைமையில் இருக்கிறார் என்று விசாரிக்காமல் ஓர் அப்டேட்டைத் தள்ளிவிடாதே என்று ஜூனியர்களுக்கு வகுப்பெடுப்பவன். என் சித்தியிடம் அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. அந்த வெட்கத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நார்ச்சத்துப் பொடி மோசடி அல்ல. இசப்கோல் நல்ல மருந்து. பெயரே பாரசீகத்தில் இருந்து வந்தது. விதை குதிரைக் காது வடிவில் இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். குஜராத்தும் ராஜஸ்தானும் அதை விளைவிக்கின்றன. உஞ்ஜா அதன் பெரிய சந்தை. உலகத்துக்கே இந்தியாதான் அனுப்புகிறது. அதன் உமி தண்ணீரை உறிஞ்சி வழவழப்பான கூழாகிறது. குடல் பாக்டீரியாக்களால் அதை எளிதில் தின்றுவிட முடியாது. அதனால் பெருங்குடலின் கடைசிவரை தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகிறது. வயிற்றுப்போக்கின்போது அதே கூழ் கட்டியாக்கவும் உதவுகிறது. தினம் 10 கிராம் அளவில் எடுத்தால் கெட்ட கொழுப்பான எல்டிஎல் 5 முதல் 10 சதவீதம் வரை குறையலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1998லேயே இதயநலம் குறித்த வாசகத்தை இதன் உறையில் போட அனுமதித்தது.

ஆனால் இந்த வேலை அத்தனையும் தண்ணீரால் நடக்கிறது. ஒரு வேளைக்குக் குறைந்தது 240 மில்லி, அதாவது ஒரு முழு டம்ளர். மூன்று வேளைக்கு 720 மில்லி. பொடிக்கு மட்டுமே இவ்வளவு. என் சித்தி கடையில் நிற்கும் பன்னிரண்டு மணி நேரத்தில் குடிக்கிற மொத்தத் தண்ணீரைப்போல இது பல மடங்கு. தண்ணீர் கிடைக்காத உமி குடலில் களிமண்ணாக உட்கார்ந்துகொள்ளும். தொண்டையிலேயே வீங்கி அடைத்துக்கொள்வதும் உண்டு. 1990 வாக்கில் அமெரிக்காவில் கால்-பேன் 3000 என்றொரு எடைக்குறைப்பு மாத்திரை விற்றது. உள்ளே இருந்தது நம் கொத்தவரை இனத்தின் விதைப் பிசின். உணவுக்குழாயில் வீங்கிப் பலரை மருத்துவமனைக்கு அனுப்பியது. 1993ல் இதுபோன்ற நீரில் வீங்கும் பொடிகள் எல்லாவற்றிலும் 'போதிய நீரின்றி உட்கொண்டால் தொண்டை அடைக்கலாம்' என்ற எச்சரிக்கையை அந்த நாடு கட்டாயமாக்கியது. என் டப்பாவிலும் ஒரு எச்சரிக்கை இருந்தது. பச்சை இலைக்குப் பின்னால், எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில். சித்தி எட்டாம் வகுப்புவரை தமிழ் மீடியம்.

இப்போது விற்கிறவர்களிடம் வருகிறேன். ரீல்ஸில் வெள்ளைப் பற்களோடு ஓர் இளைஞர் 'கட் ஹெல்த்' என்று சொல்லி ஜெல்லி மிட்டாயை நீட்டுகிறார். அதில் பெரும்பாலும் இருப்பது இனுலின். அது குடலில் வேகமாகப் புளித்து வாயுவாகும். மலத்தை இளக்குவதில் இசப்கோலின் பக்கத்தில் வராது. இரண்டுக்கும் பெயர் 'நார்ச்சத்து' என்பதாலேயே ஒன்றின் ஆதாரத்தைக் காட்டி இன்னொன்றை விற்கிறார்கள். இன்னொரு வகை, 'மூலிகை' என்று வரும் இரவுப் பொடிகள். பலவற்றின் உண்மையான சரக்கு நிலாவாகை. திருநெல்வேலி சென்னா என்று உலகம் அறிந்த நம்மூர் இலைதான். அது நார்ச்சத்தே அல்ல, குடலைத் தூண்டிவிடும் பேதி மருந்து. மருத்துவர் சொல்லிக் கொஞ்ச நாள் எடுக்க வேண்டியதை 'டீடாக்ஸ்' என்று மாதக்கணக்கில் விழுங்க வைக்கிறார்கள்.

ஆதாரத்தில் இன்னொரு திருட்டும் நடக்கிறது. 2019ல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, நார்ச்சத்து அதிகம் உண்பவர்களிடையே மரணமும் இதயநோயும் 15 முதல் 30 சதவீதம் குறைவு என்றது. எல்லா விளம்பரத்திலும் இந்த எண் வரும். அந்த எண் பெரும்பாலும் தானியமும் பருப்பும் காயும் தின்றவர்களைப் பற்றியது, டப்பா வாங்கியவர்களைப் பற்றியதல்ல. 2023ல் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு தினம் 25 கிராம் என்று பரிந்துரைத்தபோதும், 'உணவில் இயல்பாக உள்ள' நார்ச்சத்து என்றுதான் எழுதியது.

உடனே நம் பாரம்பரிய அன்பர்கள் கைதட்டுவார்கள். "அதான் சொல்றோம், கூழு குடிச்ச நம்ம பாட்டிக்கு மலச்சிக்கல் இருந்துச்சா?" இருந்தது அன்பர்களே. விளக்கெண்ணெய் பாட்டில் எந்த வீட்டு மாடத்தில் இல்லை? ஆனாலும் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. 100 கிராம் வெள்ளை அரிசியில் நார்ச்சத்து சுமார் 2.8 கிராம்தான், கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11. திண்டிவனத்தின் பெயரைச் சுமந்து நாடெங்கும் போன டிஎம்வி ரக நிலக்கடலை நினைவிருக்கிறதா? நிலக்கடலையில் 8 முதல் 10 கிராம் வரை உண்டு. கூழின் அறிவு அதன் தண்ணீரில் இருக்கிறது: நாரையும் நீரையும் ஒரே சொம்பில் தருகிறது. ஆனால் கூழ் குடித்துவிட்டு ஜவுளிக்கடைக்குப் போகிற பெண்ணுக்கும் பதினொரு மணிக்கு ஒண்ணுக்கு வரும். அந்த மணிக்கு எங்கே போவது என்று பாரம்பரியம் பேசுகிற எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. பாட்டி கொல்லைக்குப் போனாள். ஜவுளிக்கடைக்குக் கொல்லை கிடையாது.

இதைக் கேட்டவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள். விஜி என்ற தையல்காரர் தொடங்கிய 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் முதல் சண்டையே கழிப்பறைக்காக. பிறகுதான் உட்காரும் உரிமைக்கான போராட்டம். 2018ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021ல் தமிழ்நாடும் கடைத் தொழிலாளர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று திருத்தியது. நல்ல சட்டம். என் சித்திக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. அதில் துணிப்பை இருக்கிறது. உட்காரும் உரிமையையே ஸ்டூலாகச் சுருக்கத் தெரிந்த ஊரில், எழுந்து போகும் உரிமையை யார் தருவார்கள்?

மலச்சிக்கல் ஒரு தனிமனித ஒழுக்கக் குறைபாடு போல நமக்குச் சொல்லப்படுகிறது. காய் சாப்பிடவில்லை, நடக்கவில்லை, பொடி போடவில்லை. என் சித்தி தினம் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறாள், கீரை சாப்பிடுகிறாள். அவளிடம் இல்லாதது ஒரு டம்ளர் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கும் சுதந்திரம். அதை அமேசானில் ஆர்டர் செய்ய முடியாது. மலச்சிக்கலுக்குப் பொடி, நீர்க்கடுப்புக்கு மாத்திரை, மூலத்துக்குக் களிம்பு என்று மூன்று வியாபாரங்கள் அவளுடைய ஒரே தாகத்தின் மேல் நடக்கின்றன.

பொடி வாங்குகிறவர்களுக்கு நான் தாமதமாகக் கற்றதைச் சொல்கிறேன். அரை ஸ்பூனில் தொடங்கி வாரங்களில் ஏற்றுங்கள். முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். படுக்கப் போகும்போது வேண்டாம். தைராய்டு மாத்திரை முதலானவற்றுக்கும் பொடிக்கும் இடையில் சில மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் மருந்து உடலில் ஏறாது. எவ்வளவு நேரம் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்குக் கொடுக்காதீர்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ஐம்பது வயதுக்குமேல் திடீரென மாறிய பழக்கம், வாந்தியோடு வயிற்றுவலி என்றால் பொடியைத் தொடாமல் நேரே மருத்துவமனை. ரத்தத்தை 'மூலம்தான்' என்று நீங்களே தீர்ப்பெழுதி மாதங்களைக் கடத்துவது உயிரோடு விளையாடுவது.

எல்லாவற்றுக்கும் முன்னால், அனுப்புகிறவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நம்மைப் போல ஏசி அறையில், பத்தடியில் கழிப்பறையும் மேசையில் இரண்டு லிட்டர் பாட்டிலும் வைத்துக்கொண்டு, ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் அத்தைக்கும் ஆரோக்கியத்தைக் கூரியர் செய்கிற தலைமுறைக்கு. டப்பாவை அனுப்பும் முன் போன் போட்டுக் கேளுங்கள்: வேலை செய்கிற இடத்தில் பாத்ரூம் போக முடிகிறதா? பதில் 'இல்லை' என்றால் அவளுக்குத் தேவை பொடி அல்ல. அவள் பக்கத்தில் நின்று முதலாளியிடம் கேட்கும் ஓர் ஆள்.

தீபாவளிக்கு முன்னால் நான் சித்தியின் கடைக்குப் போய்ப் பேசினேன். மேனேஜர் டீ வாங்கிக்கொடுத்து, "சீசன் முடியட்டும் சார், பாக்கலாம்" என்றார். சீசன் முடிந்துவிட்டது. பொங்கல் சீசன் தொடங்கிவிட்டது. அடுத்த வாரம் மறுபடி போகிறேன். இந்த முறை டீ வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன்.

அந்த டப்பா சித்தி வீட்டு அலமாரியில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. "காசு குடுத்து வாங்கனது, எறிய மனசு வரலடா" என்கிறாள்.