'.சிஸ்'னு முடிஞ்சா டிரைவரா? 85 லட்சம் கணினிகளை முடக்கிய ஃபைல்: நடந்தது என்ன?

2024 ஜூலை 19. உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸை கையால எழுதிக் கொடுத்தாங்க.

காரணம், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு ஃபைல். அதன் பெயர் '.சிஸ்' என்று முடிந்தது.

'.சிஸ்' என்றால் என்ன?

கணினியின் அடிமட்டத்தில் இயங்கும் டிரைவர் மென்பொருளுக்கு விண்டோஸில் வழக்கமாக வைக்கும் வால் இது. லினக்ஸில் '.கேஓ', மேக்கில் '.கெக்ஸ்ட்'.

அப்போ வந்தது புது டிரைவரா?

இல்லை. அது வெறும் தகவல் ஃபைல் என்று நிறுவனமே விளக்கியது. அதைப் படிக்கப் போன நிஜ டிரைவர்தான் நிலைகுலைந்தது.

சிக்கல் எங்கே?

அந்த டிரைவர் மைக்ரோசாஃப்ட் சான்று பெற்றது. அடிக்கடி வரும் தகவல் ஃபைலுக்கு அந்தச் சோதனை கிடையாது. வால் ஒண்ணுதான், சோதனை வேற!