லியோன் தெருவும் நம்ம ஊர் மில் கேட்டும்

பிரான்சுக்குப் படிக்கப் போகும் நம்ம ஊர்ப் பசங்களின் போட்டோ ஆல்பத்தைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் மாசம் முழுக்க ஈஃபில் டவர், சர்ச், ஆறு. எல்லாப் படத்திலும் நடுவில் அவரே நிற்பார். மூன்றாவது மாசம் ஆளைக் காணோம்! பேக்கரி வாசல், ஜன்னலோரத் தொட்டிச் செடி, மழையில் நனைந்த சைக்கிள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தக்காளிக் கூடை... டூரிஸ்ட் அந்த ஊர்க்காரராகிவிட்டார் என்று அர்த்தம்.

லியோன் மாதிரி ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். பழைய லியோனில் வெறும் வீட்டுக் கதவு மாதிரி ஒன்று இருக்கும். தள்ளினால் இருட்டு நடை, உள்முற்றம், சுழல் படிக்கட்டு, கடைசியில் வேறொரு தெரு. 'த்ரபூல்' என்று பெயர். க்ருவா ரூஸ் மேட்டில் பட்டு நெசவாளர்கள் குடியிருந்த வீடுகளின் உட்கூரை கிட்டத்தட்ட 4 மீட்டர் உயரம். ஏன் அவ்வளவு உயரம்? சிறுமுகைக்காரர்களைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள் :-) ஜக்கார்டு உள்ளே நிற்க வேண்டுமே! லியோன்காரரான ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த, ஓட்டை போட்ட அட்டையை வைத்துப் பூப்போடும் முறைதான் நம்ம பக்கத்துத் தறிகளுக்கும் வந்து சேர்ந்தது.

கேமராவோடு சும்மா நடப்பவருக்கு இப்படிச் சின்னச் சின்னதாக ஏதாவது மாட்டும். சந்தோஷம். ஆனால் இதே ஆள் பீளமேட்டிலோ உப்பிலிபாளையத்திலோ இருபது வருஷம் இருந்தாரே, ஒரு கதவையாவது படம் எடுத்தாரா?

"பாத்துப் பழகுன ஊர்ல என்னத்தைங்க எடுக்கறது" என்பார்கள். இந்தச் சாக்கு செல்லாது. லூமியேர் சகோதரர்கள் 1895-ல் தங்கள் முதல் சினிமாவை எடுத்தது எங்கே? அதே லியோனில், சொந்த ஃபாக்டரி வாசலில்! போட்டோ பிளேட் செய்யும் தொழிலாளர்கள் வேலை முடிந்து வெளியே வருகிறார்கள், முக்கால்வாசி பெண்கள். ஒரு நாய் குறுக்கே வருகிறது, ஒருவர் சைக்கிளில் போகிறார். மொத்தம் ஒரு நிமிஷம்கூட இல்லை. தினமும் பார்த்துச் சலித்த காட்சிதான். இன்று அந்தத் தெருவுக்குப் பெயரே 'முதல் பட வீதி'.

கோயமுத்தூரில் மில் வாசலுக்கா பஞ்சம்? 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா கரண்ட் வந்ததும் வரிசையாக மில்கள் எழும்பின. சங்கு ஊதினால் ரோடு முழுக்க ஆள், சைக்கிள், தூக்குப்போசி. சினிமாவும் இங்கே லேட்டாக வரவில்லை. இந்த ஊர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-லேயே டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-ல் வெரைட்டி ஹாலையும் கட்டினார். அப்படிப்பட்ட ஊரில் முதலாளிகளின் படம் கிடைக்கும், ரிப்பன் வெட்டிய படம் கிடைக்கும். ஷிப்டு முடிந்து கூந்தலில் பஞ்சு ஒட்டியபடி வெளியே வந்த அக்காக்களின் படம் எத்தனை கிடைக்கும்? இனி எடுக்கலாம் என்றாலும் வாசல் இருக்க வேண்டுமே. எத்தனையோ மில் இடங்கள் அபார்ட்மென்டும் மாலுமாக ஆகிவிட்டன. தேசிய பஞ்சாலைக் கழக மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு சந்தில் கேமராவைத் தூக்கினால், "கார்ப்பரேஷன்ல இருந்து வர்றீங்களா தம்பி, இடிக்கப் போறாங்களா?" என்ற கேள்வி வரும். இல்லையென்றால், "எடம் பாக்க வந்தீங்களா?" லியோனிலும் கேட்காமல் முகத்தைப் படம் எடுத்தால் திட்டுத்தான் விழும். நின்று பதில் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள். திண்ணையில் இருக்கும் பெரியவர், எந்த மில் சங்கு எத்தனை மணிக்கு ஊதும், எந்தச் சங்குக்கு வீட்டில் அடுப்புப் பற்றவைப்பார்கள் என்று வரிசையாகச் சொல்வார். படத்துக்குக் கீழே அதையும் எழுதி வைக்கலாம்.